கட்டை போட்டால் தண்ணீர் ஏன் பழுப்பாகிறது? – மீன் தொட்டி கேள்வி பதில்

இரண்டு இதழுக்கு முன்னால் தொட்டிக்குள் மரக்கட்டை வைத்து அலங்கரிப்பது பற்றி எழுதியிருந்தேன். நிறையப் பேர் உடனே கட்டை வாங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழுப்புத் தண்ணீர் பற்றியவைதான். வாஸ்து மீன் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.

என் மகன் 2 அடித் தொட்டிக்கு ‘மலேசியன் டிரிஃப்ட்வுட்’ ஒன்று வாங்கி வந்தான். குழாயில் கழுவி உள்ளே வைத்தோம். மூன்றே நாளில் தண்ணீர் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர் கெட்டுப்போச்சு என்று மாமியார் சொன்னார். தொட்டியை முழுக்கக் காலி செய்து புதுத் தண்ணீர் நிரப்பினோம். மறுபடி பழுப்பு. மறுபடி காலி செய்தோம். இன்னமும் பழுப்புதான். நடுவில் மூன்று நியான் டெட்ரா செத்துவிட்டன. கட்டையைத் தூக்கிப் போட்டுவிடலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

தூக்கிப் போடாதீர்கள் அம்மா. அந்தக் கட்டை என்ன விலை என்று உங்கள் மகனுக்குத் தெரியும்.

மரத்துக்குள் டானின் இருக்கிறது. கடுக்காய், மாதுளைத் தோல், வாழைப்பூ இவற்றில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பு வருகிறதே, அது இதனால்தான். கட்டை ஊற ஊற டானின் தண்ணீரில் இறங்கும். மரம் மெல்ல மக்கும்போது உண்டாகும் ஹ்யூமிக் அமிலங்களும் சேர்ந்து இறங்கும். டீத்தூள் வெந்நீரில் ஐந்து நிமிஷத்தில் செய்கிற வேலையைக் கட்டை பச்சைத் தண்ணீரில் வாரக்கணக்கில் செய்கிறது, அவ்வளவுதான். மலேசியன், ஆப்பிரிக்காவிலிருந்து வரும் மோபானி இரண்டும் கனமான கட்டைகள். போட்டவுடனே மூழ்கும், ஆனால் சாயம் விடுவதிலும் இவைதான் முதல். மெல்லிய கிளைகளாக வரும் ஸ்பைடர் வுட் அந்த அளவுக்கு விடாது, ஆனால் நாள்கணக்கில் மிதந்து உயிரை வாங்கும்.

தண்ணீர் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு வெள்ளைப் பீங்கான் கோப்பையில் மொண்டு வெளிச்சத்தில் வையுங்கள். நிறம் பழுப்பாக இருந்தும் கோப்பையின் அடி பளிச்சென்று தெரிந்தால் அது டானின். பால் கலந்ததுபோல் மங்கலாக இருந்தால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. தொட்டி புதுசாக இருக்கும், அல்லது தீனி அதிகம். பச்சையாக இருந்தால் பாசி. அப்புறம் முகர்ந்து பாருங்கள். டானின் தண்ணீரில் ஈர மண் வாசனைதான் வரும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் கட்டையோ, மணலுக்கடியில் சிக்கிய ஏதோ ஒன்றோ அழுகிக்கொண்டிருக்கிறது. அப்போது உங்கள் மாமியார் சொன்னது சரி.

நியான்கள் நிறத்தால் சாகவில்லை. அவற்றின் சொந்த ஊர் அமேசான் காட்டின் மேற்குப் பகுதி ஓடைகள். இலையும் கிளையும் விழுந்து ஊறி, தண்ணீரே பழுப்பாக ஓடும் ஓடைகள் அங்கே நிறைய. நியானின் நெருங்கிய சொந்தம் கார்டினல் டெட்ரா. அதைப் பிரேசிலில் ரியோ நெக்ரோ ஆற்றுப் பகுதியில் பிடிக்கிறார்கள். பார்செலோஸ் என்ற ஊரில் அது பெரிய தொழில். அந்த ஆற்றுத் தண்ணீர் உங்கள் தொட்டியை விடக் கருப்பு, பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு, 7-க்குக் கீழே இறங்க இறங்க அமிலம் அதிகம்) 5-ஐ ஒட்டித்தான் இருக்கும். மனாவ்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இந்தக் கருப்பு ஆறும் சேற்று நிற சோலிமோயிஸ் ஆறும் சந்தித்து, கலக்காமல் சுமார் 6 கிலோமீட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். கடையில் வரும் நியான் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது, அமேசானைப் பார்த்ததே இல்லை என்பது வேறு கதை. ஆனாலும் பழுப்புத் தண்ணீரைக் கண்டு அது பயப்படாது.

உங்கள் நியான்களைப் பாதித்தது அநேகமாக அந்த இரண்டு முழுக் காலி. ஒரே நேரத்தில் மொத்தத் தண்ணீரும் மாறும்போது வெப்பநிலை, உப்பு அளவு, பி.எச். எல்லாமே ஒரு மணி நேரத்தில் மாறுகின்றன. குழாய்த் தண்ணீராக இருந்தால் குளோரினும் சேரும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தொட்டியைக் காப்பாற்றுகிற பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கிறது. ஸ்பாஞ்சையும் குழாயடியில் பிழிந்து கழுவியிருப்பீர்களே? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை, ஆனால் தொட்டியைக் காலி செய்கிறவர்கள் யாரும் ஸ்பாஞ்சை விட்டுவைத்து நான் பார்த்ததில்லை.

இனி செய்ய வேண்டியது: முழுக் காலி வேண்டவே வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறை மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக, சுமார் 30 சதவீதம் மாற்றுங்கள். 2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டியில் கல், கட்டை போக 50 லிட்டர்தான் இருக்கும். அதில் 15 லிட்டர், அதாவது ஒரு பக்கெட். முந்தின நாளே டிரம்மில் திறந்து பிடித்து வைத்த தண்ணீர் நல்லது. அவசரமென்றால் கடையில் ‘ஆன்ட்டி குளோரின்’ என்று கேட்டு வாங்கிச் சொட்டு விட்டு ஊற்றுங்கள். ஒரு முறை 30 சதவீதம் மாற்றினால் பழைய நிறத்தில் 70 பங்கு மிஞ்சும், இரண்டாவது முறையில் 49, மூன்றாவதில் 34. கணக்கு இப்படி, கட்டை நடுநடுவே இறக்கிக்கொண்டே இருப்பதால் கண்ணுக்கு இதைவிட மெதுவாகத்தான் வெளுக்கும்.

வேகமாகப் போக வேண்டுமென்றால் ஆக்டிவேட்டட் கார்பன். அடுப்புக்கரி அல்ல. கொட்டாங்குச்சிக் கரியை நீராவியில் வாட்டி, கண்ணுக்குத் தெரியாத துளைகளைத் திறந்துவிட்டுச் செய்வது. நம் பக்கமே நிறையத் தயாராகிறது. ஒரு பெரிய கைப்பிடி அளவு எடுத்து, கருந்தூள் போகிற வரை அலசி, வலைப் பையில் கட்டி, தண்ணீர் ஓடும் இடத்தில், ஃபில்டருக்குள் வையுங்கள். சும்மா தொட்டி மூலையில் போட்டால் பிரயோஜனம் கம்மி. மூன்று நான்கு வாரத்தில் துளைகள் நிரம்பிவிடும், புதுசு போட வேண்டும். மீனுக்கு மருந்து ஊற்றுகிற நாட்களில் பையை வெளியே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது மருந்தையும் குடித்துவிடும்.

சீக்கெம் கம்பெனியின் பியூரிஜென் இன்னும் நன்றாக இழுக்கும். வெள்ளை மணிகள், டானினை இழுத்துப் பழுப்பாகிக்கொண்டே வரும். பிளீச்சில் ஊறவைத்து மறுபடி வெள்ளையாக்கலாம் என்பார்கள், உண்மைதான். அந்தப் பிளீச் மிச்சத்தைச் சரியாகப் போக்காமல் தொட்டிக்குள் வைத்தால் மீன்கள் காலி. முதல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு நான் கார்பனைத்தான் சொல்வேன்.

கட்டையைத் தொட்டியில் வைக்கும் முன் கொதிக்க வைக்க வேண்டும் என்கிறார்கள். என்னுடையது இரண்டடி நீளம், எந்தப் பாத்திரத்திலும் கொள்ளவில்லை. பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் போதுமா? மேலும், கட்டை மிதந்துகொண்டே இருக்கிறது.
– வாசகர், திருப்பூர்

பிளீச்சிங் பவுடர், சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். மரம் முழுக்கத் துளை. குடித்ததைத் தொட்டிக்குள் போய் மெதுவாக விடும்.

கொள்கிற கட்டையாக இருந்தால் ஒரு பழைய அண்டாவில் தண்ணீர் நிறைய விட்டு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் கொதிக்க விடுங்கள். தண்ணீர் கருத்ததும் கொட்டிவிட்டுப் புதுசு விட்டு மறுபடி. இப்படி மூன்று நான்கு தடவை. கொதிக்கும்போது சாயம் சீக்கிரம் இறங்கும், ஒட்டியிருக்கிற பூச்சி, முட்டை, பூஞ்சை சாகும், மரத்துக்குள் இருக்கிற காற்று வெளியேறி மூழ்கவும் செய்யும். சமையலுக்கு எடுக்கிற பாத்திரம் வேண்டாம். அலுமினியமாக இருந்தால் கறை ஏறி வீட்டில் சண்டை வரும். நாள் முழுக்கக் கொதிக்க வைத்து மரத்தை நார் நாராக்கிவிடாதீர்கள், அது தொட்டியில் சீக்கிரம் உதிரும். இன்னொன்று: கட்டையோடு சேர்த்து ஆற்றுக் கல்லையும் அண்டாவில் போடுகிறவர்கள் உண்டு. உள்ளே ஈரம் சிக்கிய கல் சூட்டில் வெடிக்கும். கல்லைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

உங்கள் கட்டைக்கு மொட்டைமாடி டிரம்தான். முதல் நாள் பக்கெட் பக்கெட்டாக வெந்நீர் ஊற்றுங்கள், அப்புறம் சாதாரணத் தண்ணீரில் அமிழ்த்தி மேலே ஒரு கருங்கல்லை வையுங்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினால் ஒவ்வொரு முறையும் நிறம் குறைந்து வருவது தெரியும். வெளிர் மஞ்சளுக்கு வந்ததும் எடுத்துவிடலாம். சுத்தமாக நிறமே இல்லாத வரை காத்திருந்தால் வருஷம் ஓடிவிடும். டிரம்மை மூடி வையுங்கள், கொசு முட்டையிடும். மாநகராட்சிக்காரர்கள் வந்து பார்த்தால் கட்டைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

மிதப்பதும் இதிலேயே சரியாகும். அதற்குள் வைத்தே ஆக வேண்டுமென்றால் அடியில் ஒரு ஸ்லேட் கல்லை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூவால் முடுக்கி, மணலுக்குள் புதைத்துவிடுங்கள்.

கட்டை போட்டால் பி.எச். குறையும் என்று படித்துவிட்டு என் 3 அடித் தொட்டியில் மூன்று பெரிய கட்டை வைத்தேன். போர் தண்ணீர், டி.டி.எஸ். 900. தண்ணீர் பழுப்பானதுதான் மிச்சம், பி.எச். 8-ஐ விட்டு இறங்கவே இல்லை. கட்டை போலியா?
– வாசகர், மடிப்பாக்கம்

கட்டை அசல்தான். உங்கள் தண்ணீர்தான் பலசாலி.

போர் தண்ணீரில் பைகார்பனேட் நிறையக் கரைந்திருக்கிறது. கட்டையிலிருந்து வருவது பலவீனமான அமிலம். அது வர வர பைகார்பனேட் அதை அடக்கிவிடும். இந்த அடக்கும் சக்தியைத்தான் கே.எச். என்று டெஸ்ட் கிட்டில் அளக்கிறோம். கே.எச். 10, 12 இருக்கிற தண்ணீரில் கட்டையைக் காடாக அடுக்கினாலும் பி.எச். அசையாது. நிறம் மட்டும் ஏறும். டி.டி.எஸ். மீட்டரில் 900 என்று வருவது மொத்த உப்பு, அதில் கே.எச். எவ்வளவு என்று அந்த மீட்டர் சொல்லாது. அதற்குச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட் தனியாக வேண்டும்.

குறைக்கத்தான் வேண்டுமா என்று முதலில் முடிவு செய்யுங்கள். கப்பி, மோலி வைத்திருந்தால் உங்கள் போர் தண்ணீர் அவற்றுக்கு அமிர்தம். ஆப்பிரிக்க மலாவி ஏரி சிக்லிட் என்றால் கட்டையே தேவையில்லை, 8-ஐ ஒட்டிய பி.எச்.தான் அவற்றின் சொந்த ஊர். டெட்ரா, டிஸ்கஸ் என்று ஆசைப்பட்டால் மட்டும் உப்பைக் குறைக்க வேண்டும்: பாதி போர் தண்ணீர், பாதி ஆர்.ஓ. தண்ணீர், அல்லது மாடியிலிருந்து முதல் மழையை விட்டுவிட்டுப் பிடித்த மழைத் தண்ணீர். கே.எச். தானாகவே பாதியாகும், அதன்பிறகு கட்டை வேலை செய்யத் தொடங்கும். ஒரே நாளில் மாற்றாதீர்கள், வாராந்திரத் தண்ணீர் மாற்றத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. ஆர்.ஓ. மெஷினின் வேஸ்ட் பைப்பில் வரும் தண்ணீரை எடுத்து ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உப்பெல்லாம் அதில்தானே போகிறது, அது போர் தண்ணீரை விட மோசம்.

எதிர்ப்பக்க ஆபத்தும் இருக்கிறது. அபார்ட்மெண்டில் சுத்த ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி, பெரிய கட்டையும் போட்டு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். அடக்குவதற்கு அங்கே எதுவும் இல்லை. பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போதும் அமிலம் உண்டாகும், இருக்கிற கொஞ்ச நஞ்சக் கே.எச்.சையும் அது தின்றுவிடும், பி.எச். சரசரவென்று 6-க்குக் கீழே போகும். அங்கே போனதும் அந்த நல்ல பாக்டீரியாவே மந்தமாகிவிடும். ஒரு கைப்பிடி கிளிஞ்சலைத் துணிப் பையில் கட்டி ஃபில்டரில் போட்டால் மெதுவாகக் கரைந்து தாங்கிப் பிடிக்கும். செலவு ஒன்றுமில்லை.

தேற்றாங்கொட்டையை உரசிக் கிணற்றில் விட்டால் தண்ணீர் தெளியும் என்று எங்கள் பாட்டி சொல்வார். மீன் தொட்டிப் பழுப்புக்கு அதையோ படிகாரத்தையோ போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பாட்டி சொன்னது சேற்றுக் கலங்கலுக்கு. தண்ணீரில் மிதக்கிற நுண்ணிய மண்ணை ஒன்றுசேர்த்து அடியில் படிய வைக்கிற வேலையைத் தேற்றாங்கொட்டை அழகாகச் செய்யும். டானின் மிதக்கவில்லை, கரைந்திருக்கிறது. படிகாரம் கே.எச்.சைத் தின்று பி.எச்.சை இறக்கும்; மீன் இருக்கிற தண்ணீரில் அது விஷப்பரீட்சை. இரண்டும் வேண்டாம்.

கட்டை மிதக்கிறதென்று கட்டிட வேலைக்குப் பயன்படுத்தும் கட்டுக்கம்பியால் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டினேன். பழுப்பாக இருந்த தண்ணீர், கம்பி சுற்றிய இடத்தில் மைக்கருப்பாகிவிட்டது. நான் தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் ஆவாரம்பட்டையில் பார்த்த டானினும் இதுவும் ஒன்றுதானா?
– வாசகர், ஆம்பூர்

இந்த மாதக் கடிதங்களில் எனக்குப் பிடித்தது உங்களுடையதுதான் ஐயா. பதில் பாதி உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரே குடும்பம்தான். பச்சைத் தோலில் இருக்கிற புரதத்தைப் பிடித்துக் கட்டி, அழுகாமல் செய்வது டானினின் குணம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் அது செறிவாக இருப்பதால்தான் குரோம் உப்பால் பதனிடும் முறை வருவதற்கு முன்னால் நம் பக்கத்துத் தோல் தொழில் முழுக்க அவற்றை நம்பியிருந்தது. தொட்டிக் கட்டையிலிருந்து இறங்குவது அதில் ஒரு துளி. தோலைப் பதனிட்ட அதே சரக்கு மீனின் தோலை என்ன செய்யும் என்று பயப்பட வேண்டாம், அந்த அளவுக்கு அது தொட்டியில் இருக்கவே இருக்காது.

கருப்பு எப்படி வந்தது என்றால், இரும்பும் டானினும் சேர்ந்தால் கரு நீலக் கருப்பு. கடுக்காயையும் இரும்பையும் சேர்த்துத்தான் ஒரு காலத்தில் எழுதும் மையே காய்ச்சினார்கள். கலம்காரித் துணியில் கடுக்காய் ஏற்றி, அதன்மேல் இரும்புக் கரைசலில் கோடு இழுத்ததும் கருப்பாவதும் இதுதான். உங்கள் தொட்டியில் நீங்கள் மை தயாரித்திருக்கிறீர்கள்.

கம்பியை உடனே வெட்டி எடுத்துவிடுங்கள். தூண்டில் நரம்பு, பிளாஸ்டிக் டேக், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இவை போதும். கட்டையில் கறை படிந்த இடம் அப்படியே கருப்பாக இருக்கட்டும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வாளியில் பிடித்து வைத்தால் செந்துரு படிகிற போர் தண்ணீர்க்காரர்களுக்கும் இதே கதைதான்: மற்றவர்களுக்குப் பழுப்பாக வருவது அவர்களுக்குச் சாம்பல் கலந்த கருப்பாக வரும். கட்டையைக் குறை சொல்லிப் பயனில்லை.

சார், நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் வீட்டுப் பக்கத்தில் காப்பித் தோட்டத்தில் பிடுங்கிப் போட்ட செடி வேர்கள் நிறையக் கிடக்கின்றன. அவற்றைத் தொட்டியில் வைக்கலாமா? வேறு எந்த மரமெல்லாம் வைக்கலாம்?
– வாசகர், ஏற்காடு

தாராளமாக வைக்கலாம் தம்பி. காப்பி வேர் கெட்டியானது, வளைந்து நெளிந்து அழகாகவும் இருக்கும். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு எடு. மருந்தடிக்கிற தோட்டமா என்றும் அப்போதே கேட்டுவிடு. பூச்சிமருந்து குடித்த வேரை எத்தனை நாள் ஊறவைத்தாலும் நான் நம்ப மாட்டேன்.

பிடுங்கியவுடன் வைக்கக் கூடாது. பச்சை மரத்தில் சாறு இருக்கும், தொட்டியில் அழுகும். மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்து, பட்டை தானாக உரிந்து வரவேண்டும். பட்டை மிச்சமிருந்தால் அப்பாவிடம் கத்தியால் சுரண்டித் தரச் சொல். நகத்தால் அழுத்திப் பார், பஞ்சு மாதிரி உள்ளே போனால் உளுத்துவிட்டது, வேண்டாம்.

கொய்யா, புளி இரண்டும் நல்ல கெட்டிக் கட்டை. புளி நிறையச் சாயம் விடும். வேண்டாதவை: அரளி, எந்தக் கள்ளியும், எருக்கு, வேம்பு, யூகலிப்டஸ், பிசின் வடிகிற பைன். அரளிக் குச்சி ஒன்று விழுந்தால்கூடத் தொட்டியை நம்பாதே. பெயின்ட், வார்னிஷ் பட்ட மேஜைக் கால், பிளைவுட் துண்டு இவற்றையும் தொடாதே. கடற்கரையில் ஒதுங்கிய கட்டையில் உப்பு ஏறியிருக்கும், பல வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். சாக்கடை கலக்கிற ஆற்றில் கிடப்பது எனக்குச் சம்மதமில்லை.

மலையில் இருக்கிறாய், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டுக்குள் விழுந்து கிடக்கும் கட்டையும் வனப் பொருள்தான். அனுமதியில்லாமல் எடுத்து வருவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். யாரும் பார்க்கவில்லை என்பது கணக்கில் வராது.

புதுக் கட்டையின் மேல் வெள்ளையாக, வழவழவென்று ஜெல்லி மாதிரி ஏதோ படர்ந்திருக்கிறது. மீனுக்கு நோய் வருமா?
– வாசகி, நாகர்கோவில்

வராது. மரத்திலிருந்து கசியும் சர்க்கரைச் சத்தைத் தின்கிற பாக்டீரியாவும் பூஞ்சையும்தான். சில வாரத்தில் தீனி தீர்ந்து தானாகப் போகும். பொறுமை இல்லையென்றால் பழைய டூத் பிரஷ். அதைவிட நல்லது, நத்தையும் செர்ரி இறாலும் விடுங்கள். அவை விருந்து என்று நினைத்து மேயும். பிரிசில்நோஸ் பிளெக்கோ என்ற உறிஞ்சு வாய் மீன் இருந்தால் அதற்குக் கட்டை அலங்காரமே அல்ல, எப்போதும் அதைச் சுரண்டிக்கொண்டேதான் இருக்கும்.

ஃபைட்டர் மீன் தொட்டியில் பாதாம் இலை போட்டால் நோயெல்லாம் குணமாகும் என்று கடைக்காரர் இலை ஒன்றை 10 ரூபாய்க்குக் கொடுத்தார். எங்கள் தெருவில் அந்த மரமே இருக்கிறது. அந்த இலையைப் போடலாமா? எத்தனை?
– வாசகர், புதுச்சேரி

தெருவில் மரத்தை வைத்துக்கொண்டு 10 ரூபாயா! அது நாட்டு வாதுமை மரம். இலை உதிர்வதற்கு முன்னால் செக்கச்செவேலென்று ஆகுமே, அதேதான். தானாக உதிர்ந்து, பழுப்பாகக் காய்ந்த இலையை எடுங்கள். பச்சை இலை கூடாது. பறவை எச்சம், புகைக் கரி, கொசு மருந்துப் புகை பட்டதைத் தள்ளிவிட்டு, நல்லதாகப் பொறுக்கிக் கழுவி, நிழலில் சருகாக உலர்த்தி டப்பாவில் வைத்துக்கொண்டால் வருஷம் முழுக்க வரும்.

20 லிட்டருக்கு நடுத்தர இலை ஒன்று போதும். முதல் இரண்டு நாள் மிதக்கும், அப்புறம் மூழ்கிச் சாயம் விடும். ஓரிரு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும், எடுத்துவிட்டு அடுத்தது. ஃபைட்டரின் பூர்வீகம் தாய்லாந்தின் வயல்களும் சதுப்புக் குட்டைகளும். இலை ஊறின தண்ணீர் அதற்குப் பழக்கமானது, முட்டையிடுவதற்கு நுரைக்கூடு கட்டவும் இலையின் அடிப்பக்கத்தைத்தான் தேடும். டானினுக்குக் கிருமியைக் கொஞ்சம் தடுக்கிற குணம் உண்டு என்பதும் சரி. ஆனால் துடுப்பு அழுகின மீனை அழுக்குத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, இலையைப் போட்டு, குணமாகவில்லையே என்று எழுதுகிறார்கள். முதலில் தண்ணீரை மாற்றுங்கள். அது நடக்காத வரை இலை வெறும் இலைதான்.

எல்லோரும் பழுப்பை எப்படிப் போக்குவது என்று கேட்கிறார்கள். எனக்கு அந்த நிறம் பிடித்திருக்கிறது. அப்படியே விட்டுவிடலாமா? செடிகள் வளருமா? வருகிறவர்கள் எல்லாம் ‘தண்ணி மாத்தலையா’ என்று கேட்பதுதான் தொல்லை. மாற்றுகிற பழுப்புத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

விடலாம். என்னைக் கேட்டால் டெட்ரா, ரஸ்போரா, ஏஞ்சல் வைத்த தொட்டிக்கு அதுதான் பொருத்தம். பளிச்சென்ற வெள்ளை விளக்கும் கண்ணாடித் தண்ணீரும் கிடைத்தால் நியான் மூலையில் போய் ஒதுங்கும். பழுப்பில் தைரியமாக நடுவில் நீந்தும், அந்த நீலக்கோடும் தனியாகத் தெரியும். நான் பராமரிக்கிற தொட்டிகளில் ஒன்று ஒரு பல் மருத்துவர் வரவேற்பறையில் இருக்கிறது. அங்கே மட்டும் கார்பன் போட்டு வெளுக்க வைத்திருக்கிறேன். பல் டாக்டரிடம் வந்தவர்கள் கறை பிடித்த மாதிரித் தண்ணீரைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? வீட்டில் அந்தக் கவலை கிடையாது.

செடி விஷயத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். பழுப்புத் தண்ணீர் வெளிச்சத்தை, முக்கியமாக நீல ஒளியை, விழுங்கும். தரையில் கம்பளம்போல் படர்கிற செடிகள் ஏங்கிப்போகும். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டுக்கும் குறைந்த வெளிச்சமே போதும், கட்டையின் மேலேயே நூலால் கட்டிவிடலாம். அவற்றின் கிழங்கு மணலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புதைத்தால் அழுகும். மிதக்கும் செடிகளுக்குக் கவலையே இல்லை, மேலேயே இருக்கின்றன. வெளிச்சம் குறைவதால் கண்ணாடியில் பாசியும் கம்மியாகத்தான் படியும், உங்களுக்கு வேலை மிச்சம்.

பழுப்பு பிடிக்கும் என்பதற்காகத் தண்ணீர் மாற்றுவதை நிறுத்திவிடாதீர்கள். பழுப்புத் தண்ணீர் வைத்திருப்பவர்கள் சறுக்குகிற இடம் இதுதான்: நிறத்தால் அழுக்கு கண்ணில் படாது, நைட்ரேட் ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றுங்கள். நிறம் குறைந்தால் ஒரு வாதுமை இலை போட்டால் திரும்ப வந்துவிடும்.

எடுக்கிற தண்ணீரைத் தாராளமாகச் செடிக்கு ஊற்றுங்கள். மீன் கழிவில் இருக்கிற நைட்ரேட் செடிக்கு உரம். ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நான் அதைத்தான் ஊற்றுகிறேன். மீனுக்கு உப்போ மருந்தோ போட்ட வாரம் மட்டும் சாக்கடையில் விட்டுவிடுங்கள்.